அங்குலம் தைத்த ஆப்

அந்தத் தையல்கடையில் இரண்டே பேர். மெஷினில் உட்காருகிறவருக்கு ‘அங்குலம்’ என்று பெயர் வைத்தவர், எதிரே துணி வெட்டும் அவருடைய நாத்தனார். நாற்காலி வாங்கப் போனாலும் கழுத்தில் டேப்போடு போகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

கடையின் தீராத தொல்லை போன். “என் சட்டை ரெடியா?” இந்த ஒரே கேள்விதான் நாள் முழுக்க. மெஷினை நிறுத்தி, “இன்னும் காலர் வைக்கல” என்று பதில் சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள் அடுத்த மணி அடிக்கும்.

இதற்கு ஒரு ஆப் செய்துவிடலாம் என்று அங்குலம் இறங்கினார். ஆள் வராத மதிய வேளைகளில், மகளின் பழைய லேப்டாப்பில் பாட வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கற்றுக்கொண்டார். எடுத்த எடுப்பில் நிரல் எழுதவில்லை. துணியில் கத்தரி வைப்பதற்கு முன் காகிதத்தில் வெட்டிப் பார்ப்பது கடை வழக்கம். அதே பழுப்புக் காகிதத்தில் திரைகளை வரைந்தார். முதல் திரையில் ரசீது எண் போட ஒரு கட்டம், கீழே ‘பார்’ என்று ஒரு பட்டன். அடுத்த திரையில் பதில்: வெட்டியாச்சு, தைச்சாச்சு, தேய்ச்சாச்சு. எதைத் தொட்டால் எது வரும், தப்பான எண் போட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதெல்லாம் காகிதத்தில் முடிந்த பிறகுதான் நிரல்.

“ஒரு வாரம் பாப்பேன். போன் அடிக்கிறது குறையலைன்னா இதை மூட்டை கட்டிட்டு ஒழுங்கா மெஷின்ல உக்காரணும்” என்றார் நாத்தனார்.

“சரி அண்ணி.”

வாடிக்கையாளர்களுக்கு ஆப்பை அனுப்பிய முதல் நாளே கடை போன் இரண்டு மடங்கு அடித்தது. ‘பார்’ பட்டனைக் காணோம் என்று ஆளாளுக்குப் புகார். அங்குலம் தன் போனில் பார்த்தார். பட்டன் இருந்த இடத்திலேயே ஜம்மென்று இருந்தது. “கண்ணாடி போட்டுப் பாருங்க” என்றுகூட ஒருவரிடம் சொல்லிவிட்டார்.

பக்கத்துக் கடை பேக்கரிக்காரர் தன் சின்ன போனைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். “இந்தாம்மா, நீயே தேடு.”

கட்டம் இருந்தது. பட்டன், திரைக்குக் கீழே கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போயிருந்தது. மேல் விளிம்பிலிருந்து இத்தனை இறக்கம், இத்தனை அகலம் என்று ஒவ்வொன்றையும் தன் பெரிய போனுக்குக் கச்சிதமாக அளந்து வைத்திருந்தார் அங்குலம்.

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தார். “ஏண்டி, உன் உடம்புக்கு அளவெடுத்து ஊருக்கே சட்டை தைச்சிருக்கியே!”

“அதுவும் என் சட்டைக்குக் கை வைக்காம” என்றார் பேக்கரிக்காரர்.

“போனைக் கொஞ்சம் வெச்சிட்டுப் போங்கண்ணே.”

“நான் என்ன துணியா குடுத்திருக்கேன்?” என்று முனகினாலும் வைத்துவிட்டுத்தான் போனார்.

அங்குலம் நிலையான அளவுகளைப் பிரித்தெறிந்தார். பட்டனைக் கீழ் விளிம்போடு பிணைத்தார். கட்டத்துக்கு, திரை எவ்வளவு அகலமோ அதில் ஒரு பங்கு. பிறகு, கடைக்கு வந்தவர்களையெல்லாம் மடக்கினார். “போனையும் குடுங்க, ட்ரையல் பாக்கணும்.” ஒரு பெரியவர் எழுத்தை அவ்வளவு பெரிதாக்கி வைத்திருந்ததால் ‘வெட்டியாச்சு’ பாதியில் வெட்டுப்பட்டது. எழுத்து வளர்ந்தால் இடமும் வளரும்படி அதையும் திருத்தி, புதிய பதிப்பை எல்லோருக்கும் அனுப்பினார்.

வாரக் கடைசியில் கடை போன் ஒருமுறை அடித்தது. அங்குலம் பதறி எடுத்தார்.

“நான்தான்” என்றார் எதிரே உட்கார்ந்திருந்த நாத்தனார், தன் போனைக் காதில் வைத்தபடி. “லைன் செத்துப்போச்சோன்னு பாத்தேன்.”

“அப்போ ஆப் இருக்கட்டுமா அண்ணி?”

“இருந்துட்டுப் போகட்டும். ஆனா எனக்கும் ஒரு பட்டன் வெச்சுக் குடு. எல்லாம் முடிஞ்சப்புறம் ‘இன்னும் கொஞ்சம் லூசா இருக்கலாமே’ன்னு வர்றாங்க பாரு, அவங்களுக்கு. அமுக்கினா நான் திட்டறது அவங்க போன்ல வரணும்.”

அங்குலம் யோசித்தார். “எவ்வளவு திட்டுவீங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க அண்ணி. அதுக்குத் தக்க இடம் விடணும்.”