வலிக்கும் என்று சொன்ன டாக்டர்

அன்று மதியம் கடையில் ஒரு படகுக்காரருக்குத் தண்ணீர் பம்பில் போடுகிற ரப்பர் வளையம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் சாந்தி அக்கா. "அண்ணாச்சி, அம்மா போயிட்டாங்க" என்றார். நான், "எப்பக்கா திரும்பி வருவாங்க? எங்க மெர்லின இந்த வாரம் வரச் சொல்லியிருக்காங்களே" என்று கேட்டேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. என் மண்டைக்கு எல்லாமே கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேரும். படகுக்காரர் வளையத்தை வாங்கிக்கொண்டு, "என்ன அண்ணாச்சி, யாருக்கு என்ன?" என்றார். பல் டாக்டர் சண்முகக்கனி அம்மா தவறிவிட்டார் என்றேன். அவர் வளையத்தைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய மகனுக்கும் அம்மாதான் கம்பி போட்டிருந்தார்.

காலையில் நெஞ்சுவலி வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள்.

நம் ஊர்க்காரர் என்றால், அம்மாவின் கிளினிக்கில் நீங்களும் காத்துக் கிடந்திருப்பீர்கள். பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டுப் பன்னிரண்டு மணிக்குக் கூப்பிடுவார். அதற்காக நாம் எல்லாருமே ஒரு தடவையாவது முணுமுணுத்திருப்போம். பல்லைப் பற்றியும் படித்தவர்களைப் பற்றியும் எழுதுவதற்கு எனக்குத் தகுதி கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலோடு எனக்கு ஏற்பட்ட தகராறு இன்றுவரை தீரவில்லை. மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் படகு எஞ்சினுக்கு உதிரிப்பாகம் விற்கிறேன். ரப்பர், ஸ்பிரிங், பித்தளைக் கம்பி. வேடிக்கை என்னவென்றால், அம்மாவின் மேசையிலும் இதே மூன்று சாமான்கள்தான் இருந்தன.

என் மகள் மெர்லின் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்வாள். மேல்வரிசையில் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. ஞாயிற்றுக்கிழமைக் கோயில் பாடல்குழுவில் முன்வரிசையில் நின்று பாடுகிறவள், உதட்டைத் திறக்காமல் பாடக் கற்றுக்கொண்டாள். குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. முதலில் வேறோர் இடத்துக்குக் கூட்டிப்போனோம். கம்பி போடுவதற்கு முன்னால் கடைவாய்ப் பற்களுக்கு நடுவில் இடம் உண்டாக்க வேண்டுமாம். பித்தளைக் கம்பியை இடுக்கில் நுழைத்து முறுக்கினார்கள். எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது என்று சொல்லித்தான் முறுக்கினார்கள். அன்று அவள் போட்ட சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. மறுநாளே போய்க் கம்பியை எடுத்தோம். அதோடு அவள் வாய் பூட்டிக்கொண்டது. டாக்டர் என்று பெயர் சொன்னாலே பல்லைக் கடித்துக்கொள்வாள். இனி இந்தப் பிள்ளை எந்த டாக்டரிடமும் வாயைத் திறக்கப்போவதில்லை என்றுதான் நானும் என் மனைவி செல்வியும் பயந்தோம்.

அப்படிப்பட்டவளைத்தான் இழுத்துக்கொண்டு சண்முகக்கனி அம்மாவிடம் போனோம். அம்மா அவளை வாயைத் திற என்று சொல்லவே இல்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து, பல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்பதால் கடைவாய்ப் பல்லைச் சுற்றி உலோகப் பட்டை மாட்ட இடமில்லை, அதற்காக ஒரு வாரம் நடுவில் ஒரு பொருளை வைத்துப் பல்லை லேசாக விலக்க வேண்டும் என்று விளக்கினார். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. விளங்கிய சந்தோஷத்தில், "ஹார்பர்ல கப்பலுக்கும் சுவருக்கும் நடுவுல ரப்பர் தொங்கவிடுவாங்களே, அதானே அம்மா?" என்றேன்.

"அங்க இடிக்காம இருக்கத் தொங்கவிடுதாங்க. இங்க நெருக்கித் தள்ளணும்னே வைக்கோம் அண்ணாச்சி" என்றார். செல்வி என் காலை மிதித்தாள்.

தட்டில் மூன்றையும் எடுத்து வைத்தார். சுண்டு விரல் நகத்தைவிடச் சின்னதாக நீல நிற ரப்பர் வளையம். கொக்கி மாதிரி வளைந்த எஃகு ஸ்பிரிங். பித்தளைக் கம்பி. கம்பியைப் பார்த்ததும் மெர்லின் எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். அம்மா அந்தக் கம்பியை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார். "அது உனக்கு இல்ல. போயிட்டு. நீ வா" என்றார்.

அந்த நேரத்தில் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ரப்பரையும் ஸ்பிரிங்கையும் பக்கத்துப் பக்கத்தில் பார்த்தால் எனக்கு வாய் நிற்காது. ரப்பரை நம்பாதீர்கள், உப்புத் தண்ணீரில் ஆறு மாதத்தில் வெடித்துவிடும், எஃகு என்றால் எஃகுதான் என்று அந்த அம்மாவுக்கே பாடம் நடத்தினேன். அவர் ஒரு தடவைகூடச் சிரிக்காமல் முழுவதும் கேட்டார். பிறகு, "ஆறு மாசம் தாங்குமா? எனக்கு ஒரு வாரம் தாங்கினாப் போதும்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் பேசியது எல்லாம் மெர்லினிடம்தான். ரப்பர் நன்றாக இடம் பிடித்துக் கொடுக்கும், ஆனால் முதல் இரண்டு நாள் வலி அதிகம். ஸ்பிரிங்கில் வலி குறைவு, ஆனால் சில பேருக்கு இடம் மெதுவாகத்தான் கிடைக்கும், நாக்கிலும் கன்னத்திலும் உறுத்தும். "ரெண்டையும் என் வாயில போட்டுப் பாத்திருக்கேன். யாரோ சொன்னதக் கேட்டுட்டுச் சொல்லல" என்றார்.

"நெசமாவா?" என்றாள் மெர்லின். அங்கே போன பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது. உடனே அடுத்ததையும் கேட்டுவிட்டாள். "வலிக்குமா?"

"வலிக்கும்" என்றார் அம்மா. "நாளைக்குக் காலைல இட்லியக் கடிக்கும்போது என்னைய வைவ. நல்லா வைஞ்சிக்க. அதுக்கப்புறம் கொறையும்."

மெர்லின் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து வாயைத் திறந்தாள். அத்தனை மாதமாக நானும் செல்வியும் கெஞ்சியும் மிரட்டியும் வாங்கிக் கொடுத்தும் திறக்காத வாய்.

ஒரு பக்கம் ரப்பர், ஒரு பக்கம் ஸ்பிரிங் வைத்தார். எது தேவலை என்று நீ சொல், கீழ்வரிசைக்கு அதையே வைப்போம் என்றார். அதோடு விடவில்லை. கண்ணாடி முன் நின்று, ஒரு நீல வளையத்தை நூலில் கோத்து இழுத்துத் தன் கடைவாய்ப் பல்லிடுக்கிலும் மாட்டிக்கொண்டார். சாந்தி அக்கா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பயந்த பிள்ளை யார் வந்தாலும் இதுதான் நடக்கும் போலிருக்கிறது. அன்று சாயங்காலம் அம்மாவே போன் செய்தார். எடுத்தவுடனே, "எனக்கு வலிக்கு. உனக்கு?" என்றார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தோம். ரப்பர் பக்கம் ஆட்டுக்கறி நார் மாட்டின மாதிரி இருக்கிறது என்றாள் இவள். ஆமா, எனக்கும் அதே கறிதான் என்றார் அவர். ஸ்பிரிங் பக்கம் வலியில்லை, ஆனால் நாக்கு அங்கேயே போகிறது என்றாள். அதற்குத்தான் நான் ஸ்பிரிங் வைத்துக்கொள்ளவில்லை, நான் நாள் முழுக்கப் பேச வேண்டியவள் என்றார். இரண்டு பேரும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி வலியைப் பேசிக்கொண்டார்கள்.

இனி வருவது என் சாதனை.

மெத்தென்று சாப்பிடக் கொடுங்கள் என்று அம்மா சொன்னது என் காதில் விழுந்தது. ஒட்டுகிற சாமான் மட்டும் கூடாது என்று அவர் சொன்னபோது நான் வெளியே ஸ்கூட்டரை நகர்த்தி வைக்கப் போயிருந்தேன். பிள்ளை கஞ்சியும் இட்லியுமாகக் கிடக்கிறாளே என்று மனசு கேட்கவில்லை. இந்தச் சுற்று வட்டாரத்திலேயே மெத்தென்ற பொருள் எது என்று யோசித்தேன். முதலூர்ப் பக்கம் சரக்கு கொடுக்கப் போனவன், மஸ்கோத் அல்வா ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். தேங்காய்ப்பாலில் கிண்டியது, கண்ணாடி மாதிரி ஆடும், பல்லே இல்லாதவர்கள் சாப்பிடலாம். செல்வி அடுப்படியில் இருந்தாள். மெர்லின் இரண்டு துண்டைச் சாப்பிட்டுவிட்டு நாக்கால் துழாவினாள். "யப்பா, ரப்பரக் காணோம்" என்றாள்.

மிச்ச அல்வாவைக் கரண்டியால் பிய்த்துப் பிய்த்துத் தேடினோம். கிடைக்கவில்லை. "பிள்ள வயித்துக்குள்ள ரப்பர அனுப்பி வச்சிட்டியளே" என்றாள் செல்வி. கிளினிக்குக்கு ஓடினோம். ஓடுகிற அவசரத்தில் அல்வாப் பொட்டலத்தையும் கையில் எடுத்துப்போயிருக்கிறேன்.

அம்மா முதலில் ஈறைத்தான் பார்த்தார். வளையம் ஈறுக்குள் இறங்கி ஒளிந்துகொண்டால்தான் தொந்தரவு, அது கண்ணுக்குத் தெரியட்டும் என்றுதான் நீல நிறத்தில் செய்கிறார்கள் என்றார். படம் எடுத்தும் பார்த்தார். ஈறில் இல்லை. வயிற்றுக்குள் போயிருந்தால் அது பாட்டுக்கு வெளியே போய்விடும், கவலையில்லை என்று மெர்லினிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ரப்பர் விழுந்தா ரெண்டே காரணந்தான் அண்ணாச்சி. ஒண்ணு, வேண்டிய இடம் கெடச்சிருக்கும். இல்லன்னா அப்பா அல்வா வாங்கியிருப்பாரு."

சொல்லிவிட்டு என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். மணிக்கணக்காக நின்றுகொண்டே இருந்தவர், பசித்திருக்கும். கையுறையைக் கழற்றி, கை கழுவி, ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். இரண்டு தடவை மென்றார். நின்றார். முகம் ஒரு மாதிரி ஆனது. உதட்டிலிருந்து விரலால் எதையோ எடுத்துத் தட்டில் வைத்தார். நீல வளையம். தன் வாயிலும் ஒன்று மாட்டியிருப்பதை அவரே மறந்துபோயிருக்கிறார்.

"இவ்வளவு நல்ல இடுக்கி எங்கிட்டயே கிடையாது" என்றார் அம்மா.

மெர்லின் சிரித்தாள். கை வாய்க்குப் போகவில்லை. மேலே ஏறி நின்ற பல், ஸ்பிரிங், அல்வா ஒட்டிய நாக்கு எல்லாம் தெரிய, நாற்காலி குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். நான் அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. அம்மா அவசரமாகக் கையுறையை மாட்டிக்கொண்டு, "அப்படியே இரு, அப்படியே இரு" என்று விளக்கை இழுத்து உள்ளே பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

ரப்பர் பக்கம் வேண்டிய இடம் அல்வாவுக்கு முன்னாலேயே கிடைத்திருந்தது. ஸ்பிரிங் பக்கம் இன்னும் சில நாள் வேண்டியிருந்தது. எஃகு என்றால் எஃகுதான் என்று சொன்ன ஆளை அம்மா ஒரு பார்வை பார்த்தார். ஆனால் நான் ஒரேயடியாகத் தோற்கவும் அவர் விடவில்லை. பல் ரொம்ப நெருக்கமில்லாத பிள்ளைக்கு, வலி தாங்காத பிள்ளைக்கு ஸ்பிரிங்கே போதும், ஆளைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும் என்றார். கீழ்வரிசைக்கு எது என்று மெர்லினைக் கேட்டார். "ரப்பரே வைங்க. வலிச்சாலும் சட்டுனு முடியுதுல்லா" என்றாள். முதல் நாள் வாசலுக்கு ஓடியவள் சொன்னது இது.

இன்னொரு நாள் காத்திருந்தபோது பார்த்தது. ஓர் அம்மா தன் சின்ன மகனைத் தூக்கி வந்து, வலிக்காது என்று நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் டாக்டர், அப்போதுதான் உட்காருவான் என்று கேட்டார். சண்முகக்கனி அம்மா மாட்டேன் என்றார். "நாம பொய் சொன்னா அடுத்த தடவ பிள்ள வாயத் தொறக்காது. எனக்கு மட்டும் இல்ல தாயி, உங்களுக்கும் சேத்துத்தான் மூடிக்கிடும்." அந்த வார்த்தை அந்த அம்மாவுக்குச் சொன்னது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் செல்விக்கும் சேர்த்தே விழுந்தது. எறும்பு கடிகூட இல்லை என்று அந்தப் பழைய இடத்தில் சொன்னபோது பக்கத்தில் நின்று தலையாட்டியவர்கள் நாங்கள்தானே.

அம்மாவின் முன்பல் ஒன்று கோணல் என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஊர்ப் பல்லையெல்லாம் நேராக்குகிறவர் ஏன் அதை விட்டுவைத்தார் என்று செல்வி கேட்டே விட்டாள். "எனக்கு டோக்கன் கெடைக்கல" என்றாராம்.

அவர் போன செய்தியை மெர்லினிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அன்று வீட்டுக்குப் போய், அம்மாவுக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லையாம் என்று இழுத்தேன். அவள் புத்தகத்தை மூடினாள். "யப்பா, நேராச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். துக்க வீட்டில் அவள் உதடு ஒட்டிக்கொண்டே இருந்தது. பல்லில் கம்பி இன்னும் இருக்கிறது, வேலை பாதியில் நிற்கிறது. இதைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் இப்படியே கிடக்கட்டும், வேறு யாரிடமும் போக மாட்டேன் என்று வீட்டுக்கு வந்த பிறகு சொன்னாள். எனக்குப் பழைய பயம் திரும்ப வந்தது.

போன வாரம் அதே கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அம்மாவின் நோயாளிகளைப் பார்க்க மதுரையிலிருந்து ஒரு இளம் டாக்டர் வருகிறார். நல்ல பையன், பத்து மணி என்றால் பத்து மணிக்கே கூப்பிட்டார். மெர்லின் அதே நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை. கம்பியை மாற்ற வேண்டும் என்றார் அவர். "வலிக்குமா?" என்று கேட்டாள்.

"சேச்சே, ஒண்ணுமே தெரியாதும்மா" என்றார்.

மெர்லின் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

எனக்குப் படிப்பு கம்மி, டாக்டருக்குப் பாடம் நடத்திப் பட்டதும் மறக்கவில்லை. இருந்தாலும் எழுந்து போனேன். "சார், வலிக்கும்னு சொல்லுங்க" என்றேன். அவர் திகைத்துப் பார்த்தார். சொன்னால் பயந்துவிடுவாளே என்றார். சொல்லாவிட்டால்தான் பயப்படுவாள், இந்த நாற்காலியில் அப்படித்தான் வழக்கம் என்றேன். சாந்தி அக்கா அழுகையை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் கையிலிருந்த இடுக்கியைத் தட்டில் வைத்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார். "ரெண்டு நாள் வலிக்கும்மா. கடிக்கக் கஷ்டமா இருக்கும்" என்றார்.

மெர்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள்.

அம்மாவின் நினைவாக என்னிடம் ஒரு பொருளும் இல்லை. அந்த நீல வளையம் அன்றைக்கே குப்பைக்குப் போய்விட்டது. நான் வைத்துக்கொண்டிருப்பது "வலிக்கும்" என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத்தான். அதை என் பிள்ளையிடம் சொல்ல எனக்கு இப்போது பயமில்லை.