பூஜ்யத்திலிருந்து எண்ணும் போர்ட்

தேவிப்ரியாவுக்கு என்ன வேலை என்று கேட்டால், மூங்கில்துறைப்பட்டில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்பார்கள். கெட்டுப்போன பிரின்டரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருகிறவர்களும் உண்டு. அவளும் பார்த்துக் கொடுத்துவிடுவாள். உண்மையான வேலையைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் பிரின்டர் தானே சரியாகிவிடும்.

உண்மையான வேலை இதுதான். பெரிய சர்வர்களில் ஆர்டிஎம்ஏ வசதியுள்ள கார்டு ஒன்று இருக்கும். ஒரு கம்ப்யூட்டரின் மெமரியிலிருந்து இன்னொன்றின் மெமரிக்கு, நடுவில் யாரையும் கேட்காமல், தகவலை நேராகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்த ஒரே கார்டுக்கு நெட்வொர்க் பக்கம் ஒரு பெயர், ஆர்டிஎம்ஏ பக்கம் வேறு பெயர். எந்தப் பெயருக்கு எது ஜோடி என்று கண்டுபிடித்துச் சேர்த்துவைக்கும் புரோகிராமை எழுதுகிறவள் தேவிப்ரியா. சென்னைக் கம்பெனிக்காக, கரும்பு டிராக்டர்கள் போகும் சாலையைப் பார்த்த மாடி அறையிலிருந்து, ஆறு வருடமாக எழுதுகிறாள்.

அப்பா சுப்புராயனின் கருமாதி பதினாறாம் நாள் முடிந்தது. மறுநாள் காலையே அவள் லேப்டாப்பைத் திறந்துவிட்டாள். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லையே என்று ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தவர்கள்தான். பேசட்டும். அழுகை வந்தால் அழமாட்டாளா? அவளுக்கு எதுவுமே வரவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், அப்பாவைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் "ம்" என்றாள்.

ஒரு வாடிக்கையாளரின் இடத்தில் தகவல் தப்பான கேபிளில் போய்விட்டதாகச் செய்தி வந்திருந்தது. புரோகிராமில் கோளாறான வரி, அவளோடு வேலை செய்யும் பகலவன் பெயரில் இருந்தது. சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பதினோரு மணி ஆன்லைன் மீட்டிங்கில் அவனை வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

தேவிப்ரியா அந்த வரியைப் பார்த்தாள். கேபிள் செருகும் போர்ட் இரண்டு உள்ள கார்டு அது. நெட்வொர்க் பக்கம் போர்ட்டுகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணுவார்கள், ஆர்டிஎம்ஏ பக்கம் ஒன்றிலிருந்து. ஒன்றைக் கூட்டிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். கூட்டவில்லை. இரண்டாவது போர்ட்டின் பெயர் முதல் போர்ட்டோடு போய் ஒட்டிக்கொண்டது. ஆபீசில் இரண்டு கேபிளும் ஒரே சுவிட்சுக்குப் போவதால் சோதனையில் யார் கண்ணிலும் படவில்லை.

எழுதியது பகலவன் இல்லை. கள்ளக்குறிச்சியில் அப்பாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, செல்போனிலேயே தட்டி, அதிலிருந்து ஏற்ற முடியாததால் உன் பெயரில் ஏற்றிவிடு என்று அவனுக்கு அனுப்பியவள் அவள்தான். துக்க வீட்டில் இருக்கும் அக்காவைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது.

வாயைத் திறக்காமல் இருந்தால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. குற்ற உணர்ச்சியாவது இருக்கிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். அதுவும் இல்லை. அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

மீட்டிங்கில் மேலாளர் ரம்யா விசாரித்ததும், தன் தப்புதான் என்று பகலவன் ஒப்புக்கொண்டான். தேவிப்ரியா மைக்கைப் போட்டாள்.

"அது நான் எழுதுனது. அவன் பேர்ல ஏத்தச் சொன்னதும் நான்தான்."

பகலவன் வேலையில் இருக்கட்டும் என்று ரம்யா சொன்னாள். பிறகு, ரிப்போர்ட்டில் போட வேண்டும், என்றைக்கு எழுதினாய் என்று மெதுவாகக் கேட்டாள். தேவிப்ரியாவுக்குத் தேதி நினைவில் வரவில்லை.

"எங்கப்பா செத்த அன்னிக்கி."

பதினேழு நாளில் அவள் வாய் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் மீதியும் நினைவுக்கு வந்துவிட்டது. அன்றைக்கு, அப்பா உன்னைக் கூப்பிடுகிறார் என்று அம்மா வராந்தாவுக்கு வந்து சொன்னாள். இந்த ஒரு வரியை முடித்துவிட்டு இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் தலைகுனிந்து தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே போனபோது அப்பா இல்லை.

லேப்டாப்பை மூடினாள். அம்மா ராஜாம்பாள் காபியோடு மாடியேறி வந்து, மகளின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா ஆச்சி?"

"தோ வர்றேன்னு சொன்னேனேம்மா" என்றாள் தேவிப்ரியா. அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை, அழுகை வந்துவிட்டது.