சுரங்கத்துப் பேய் பிடித்த பெண்

மயிலாப்பூரில் கால்வாய்க் கரையோரம் இடிந்த செங்கல் சுரங்கம் ஒன்று இருந்தது. கடல்வரை போகிறது என்பார்கள். போய்ப் பார்த்தவர் யாருமில்லை. உள்ளே ஒரு கல்யாணப் பெண் பேயாக உட்கார்ந்திருக்கிறாளாம். உச்சிவேளையில் நுழைகிற பெண்ணைப் பிடித்துக்கொண்டு, அவளைக் கட்டுகிறவனை வருஷம் திரும்புவதற்குள் கொண்டுபோய்விடுவாளாம். தெருப் பிள்ளைகள் உள்ளே தலையை நீட்டி ஊளையிட்டுவிட்டு ஓடிவருவார்கள். நான் மட்டும் அந்தப் பக்கமே போனதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

எனக்குப் பதினொரு வயதானபோது கிண்டியிலிருந்து ஒரு மரக்கடைக்காரர் பெண் பார்க்க வந்தார். இரண்டு மனைவிகளைப் பறிகொடுத்தவர். என் அப்பாவைவிட மூத்தவர். தாயில்லாப் பெண்ணுக்கு இதைவிட நல்ல இடம் வருமா என்று ஜட்கா ஓட்டும் அப்பா சம்மதித்துவிட்டார். என்னை வளர்த்த அத்தை மூன்று நாள் அவரோடு சண்டை போட்டுத் தோற்றாள். எனக்கோ புதுப் பாவாடை கிடைத்த குஷி.

தாம்பூலம் மாற்றப் போகிற நேரத்தில் அத்தை காப்பியை வைத்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஒண்ணு சொல்லிடறேங்க. போன மாசம் மத்தியானத்துல இந்தப் பொண்ணு சொரங்கத்துக்குள்ள பூந்துட்டா. அப்பாலருந்து ஒரு மாரியா கீறா."

எனக்கு வந்ததே கோபம்! "பொய்! நான் போவவே இல்ல! அத்தை புளுகுது!" என்று கத்தி, தலையை விரித்துப்போட்டுத் தரையில் உருண்டேன்.

"பாத்தீங்களா? அவளுக்கே நெனப்பு இல்ல" என்றாள் அத்தை.

மரக்கடைக்காரர் காப்பியைத் தொடவில்லை. செருப்பை மாட்டுவதற்கும் நிற்காமல் கையில் எடுத்துக்கொண்டு போனார். இரண்டு பேரை வழியனுப்பியவருக்குத் தம் உயிர் மட்டும் வெல்லமாக இருந்தது.

பேய் பிடித்தவள் என்று பெயர் வந்தபிறகு எவனும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. வேறு வழியில்லாமல் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவைத்தார். இன்று நான் நாலு வரி எழுதுகிறேன் என்றால் அத்தை போட்ட பிச்சை. மகராசி! பதினெட்டு வயதில் ட்ராம் கண்டக்டர் ஒருவர் கேட்டு வந்ததும், காலையில்தான் பேய் இறங்கியது என்று அவளே வேப்பிலையோடு தெருவுக்கெல்லாம் அறிவித்தாள்.

ஆனால் மரக்கடைக்காரர் போன அன்று அவளை நான் சும்மா விடவில்லை. என் வயதில் அவளுக்கும் இப்படித்தான் ஒரு கிழவனைக் கட்டிவைத்து, பதின்மூன்றில் அவன் செத்ததும் தாலியை வாங்கிவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டேன்: "உன்ன மாரியே நானும் புருசன் இல்லாம கெடக்கணும்னுதானே சொன்னே?"

அத்தை என் பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். "ஆமாண்டி கண்ணு. வந்து சாப்புடு" என்றாள்.

அதை நான் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.