இளைப்புக்கு ஒரு வௌவால்

டெங்கில் வட்டாரத்தில் தம்புசாமிக்குத் தெரியாத பறவை கிடையாது. படித்தது மூணாம் வகுப்பு. ஆனால் பைனாகுலர் மாட்டிய பட்டதாரிகள்கூட அவர் விரல் காட்டும் பக்கம்தான் திரும்பவேண்டும். செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டிய நாளிலிருந்து தானாகப் பார்த்துப் பார்த்துக் கற்றது. இப்போது பட்டணத்துப் பிரிக்பீல்ட்ஸில் பறவை பார்க்க வருகிறவர்களை ஏற்றிச் சொந்த வேனில் கூட்டிப்போகிறார். "என் வேன்ல ஏறுனவன் ஏமாந்து எறங்குனதில்ல," என்பார். உண்மைதான்.

அன்றைக்கும் செந்நாரை, மீன்கொத்தி எல்லாம் காட்டிவிட்டு, பொழுது சாய்கிற நேரத்துக்குக் குட்டையோரத்துப் பெரிய மரத்தடிக்கு அழைத்துவந்தார். கிளைக்குக் கிளை பழந்தின்னி வௌவால்கள் தொங்கின. எல்லாரும் போனை நீட்டிப் படம் பிடித்தார்கள். கூட வந்திருந்த பண்டமாரான் ஊர்க்காரி மாதவி மட்டும் தாழ்ந்த கிளைகளையே பார்த்தபடி நின்றாள். பிறகு அவரிடம் வந்தாள்.

"அங்கிள், ஒன்னு பிடிச்சுக் குடுங்களேன்."

"எதுக்கும்மா, வளக்கவா?" என்று சிரித்தார்.

"வீட்டுக்காரருக்கு இளைப்பு. எந்த மருந்துக்கும் கேக்கல. இதைச் சூப்பு வெச்சுக் குடுத்தா நெஞ்சு லேசாகும்னாங்க. காலையிலேருந்து படுக்க முடியாம உக்காந்தே இருக்காரு. பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்கு வெச்சிட்டு, இதுக்காகத்தான் உங்க வேன்ல ஏறுனேன். உங்களால முடியாததா லா?"

முடியும். வேனில் வலைகூட இருந்தது. தம்புசாமி வேன் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பிடிச்சிருக்கேன்மா. இதே மரத்துல. ஒம்பது வருசமாச்சு. என் வீட்டுக்காரி வீரம்மாவுக்கு."

"சரியாச்சா?"

"சூப்பு குடிச்சா. அப்பவும் மூச்சு இழுத்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு அவளே கேட்டா. மருந்து வேலை செய்யுது, பேசாம படு, எனக்குத் தெரியாததான்னு அதட்டினேன். விடியறதுக்குள்ள போயிட்டா. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலன்னு ஊருக்கெல்லாம் சொல்லிவெச்சிருக்கேன். பெத்த மகனுக்கும் அதான் தெரியும்."

மாதவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடிம்மா போனு. ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொல்லு. இப்பவே."

தலைக்குமேல் வௌவால்கள் கூட்டமாகக் கிளம்பின. வானம் கறுத்தது. "அண்ணே, இங்க வாங்க, பாருங்க!" என்று யாரோ கத்தினார்கள். தம்புசாமி திரும்பவில்லை. மாதவியின் காதோடு ஒட்டிய போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டாங்களா அக்கா?... ஏத்தியாச்சா?... மூச்சு?"

வெகுநேரம் கேட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். "ஆக்ஸிஜன் வெச்சிட்டாங்களாம் அங்கிள். கண்ணத் தொறந்து என்னைக் கேட்டாராம்."

தம்புசாமி எழுந்து, எல்லாரையும் ஏறச் சொல்லி, ஆஸ்பத்திரிப் பக்கம் வண்டியைக் கிளப்பினார்.