ஏகாம்பரம் படித்துச் சொல்லாத வரி

செவ்வாய்க்கிழமை காலை அட்டை குத்தும் மேசையில் ஏகாம்பரத்துக்காகக் காத்திருந்தேன். அவன் மைத்துனன் சைக்கிளில் வந்தான். “மாமா பூட்டாருங்க. டீ குடிச்சிகினு இருந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு,” என்றான். நான் அவனைத் திட்டிவிட்டேன். நேற்று மாலை நன்றாக இருந்தவனைப் பற்றி என்ன பேச்சு இது என்று கேட்டேன். இன்றைக்கும் எனக்கு அதே கேள்விதான்.

ஆரணியில் எங்களோடு வேலை செய்த உங்களுக்குத் தெரியும். சேலை டிசைன் வரைந்த கிராஃப் தாளை அவன் படிப்பான். “ரெண்டு விட்டு மூணு குத்து” என்பான். தறிக்குப் போகும் அட்டையில் நான் துளை போடுவேன். அவன் வாய், என் கை என்றே வருஷங்கள் ஓடின.

எழுபதுகளின் கடைசியில், கலைந்துபோன பாட்டுக் குழு ஒன்றிடமிருந்து பழைய கிதாரையும் ஒரு பாடப் புத்தகத்தையும் வாங்கினோம். புத்தகத்தில் ஆறு கம்பிக்கு ஆறு கோடு. கம்பியை எத்தனையாவது கட்டத்தில் அழுத்துவது என்று கோட்டின் மேல் எண் இருக்கும். டேப்லேச்சர் என்று பெயர். “நம்ம கிராஃப்தாண்டா இது,” என்றான் ஏகாம்பரம். சேலைக்குப் படிப்பதுபோலவே கீழ்க்கோட்டை முழுக்கப் படித்து முடித்துவிட்டு அடுத்த கோட்டுக்கு ஏறினான். நானும் அப்படியே வாசித்தேன். அந்த அபஸ்வரத்தைப் பல வாரம் பாட்டு என்று நம்பினோம். ஆறு கோட்டையும் சேர்த்து இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும் என்று வேலூர் கிதார்காரர் ஒருவர் வந்து சொன்னார். ஏகாம்பரம் அசரவில்லை. “சேலையா இருந்தா கரெக்டா வந்திருக்கும்,” என்றான்.

அப்புறமும் படிப்பது அவன், வாசிப்பது நான். சிக்கலான இடம் வந்தால் எண்ணுக்கு முன்னால் “பதறாதடா” என்பான். தன் மகளின் நிச்சயதார்த்தத்தில் நாங்கள் ஒரு பாட்டு வாசிப்பதாக அவளிடம் சொல்லியிருந்தான். திங்கட்கிழமை கடைசி வரி மட்டும் மிச்சம். நாளைக்கு முடித்துவிடலாம் என்று கிளம்பினான்.

காரியம் முடிந்த மறுநாள் அவன் மகள் வந்தாள். “நிச்சயம் தள்ளிப்போனாலும் பாட்டு நிக்கக் கூடாது சித்தப்பா. நீங்க வாசிக்கணும்.”

புத்தகத்தை விரித்தேன். எனக்குப் படிக்கத் தெரியவில்லை. அத்தனை நாளில் ஒருமுறைகூட நானாக அதைப் படித்துப் பார்த்ததில்லை. அவன் குரல் வராமல் என் விரல் நகரவில்லை. இப்படியா ஒருவனை நட்டாற்றில் விடுவது என்று அவன்மேல் ஆத்திரமாக வந்தது.

இப்போது தட்டுத்தடுமாறிப் படித்து, நானே எண்களைச் சத்தமாகச் சொல்லிப் பழகுகிறேன். நேற்று கடைசி வரிக்கு வந்தேன். எண்கள் நெருக்கியடித்த இடத்தில் என் வாய் தானாகப் “பதறாதடா” என்றது. கை நின்றுவிட்டது. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். அவன் மகளின் நிச்சயதார்த்தம் என்றைக்கு நடந்தாலும், அதைச் சொல்லிக்கொண்டுதான் அந்த வரியை வாசிப்பேன்.