நாலாவது வெட்டு

ஏரிச்சேற்றில் எட்டு மாதம் ஊறிய வேப்பமரத்தைக் கரையேற்றும்போது கிளம்பும் நாற்றத்தை வெளியூர்க்காரர்களால் இரண்டு நிமிடம் தாங்க முடியாது. எங்களுக்கோ அது யாரோ வீடு கட்டப்போகிற வாசனை. திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகும் வழியில், ஏரிக்கரையை ஒட்டிய முப்பது வீடுகள்தான் எங்கள் "மரக்காரத் தெரு". முன்னோர்கள் ஜவ்வாது மலையில் மரம் வெட்டிப் பிழைத்தவர்கள். காட்டில் வெட்டுவது நின்றுபோன பிறகும் மரத்தை விட மனசில்லாமல், வயல்காட்டு வேம்பையும் பூவரசையும் வாங்கி, பூச்சி அரிக்காமலிருக்க ஏரியில் ஊறப்போட்டு, அறுத்து விற்றுக்கொண்டிருந்தார்கள்.

எந்த மரம் யாருடையது என்று தெரிய, அடிப்பக்கத்தில் கோடாலியால் ஆழமாக "வெட்டுக்குறி" போடுவார்கள். எங்களுக்கு மூன்று வெட்டு, எதிர்வீட்டு அமுதா அத்தைக்கு நான்கு. கலங்கிய தண்ணீரில் கண்ணுக்கு வேலையில்லை. கால் கட்டைவிரலால் தடவித்தான் எண்ண வேண்டும். பதினோரு வயதில் அந்த வேலையில் என்னை மிஞ்சத் தெருவிலேயே ஆளில்லை என்ற திமிர் எனக்கு உண்டு. "எம்பொண்ணு காலு சொன்னா சரிதான்" என்று அப்பாவும் பெருமையடிப்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தை மாதம், எங்கள் புது வீட்டுக்கு வாசக்கால் நிறுத்த நாள் குறித்தாயிற்று. நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஒரே தடவலில், "மூணு, நம்மளுது" என்றேன். மரத்தைக் கட்டியிழுத்து, அவசரத்தில் சேறுகூடக் கழுவாமல் வாளை வைத்துவிட்டார்கள். பாதி அறுத்த பிறகு தண்ணீர் ஊற்றியபோதுதான், களிமண் அடைத்துக்கொண்டிருந்த நாலாவது வெட்டு தெரிந்தது.

அது அத்தை தன் வாசக்காலுக்கென்று போட்டு வைத்த மரம். அடுத்தவர் வாசலுக்கான மரத்தில் கைவைத்து, பேச்சுவார்த்தையே அற்றுப்போன குடும்பங்கள் எங்கள் தெருவில் உண்டு. பாதி நாள் எனக்குச் சோறு அத்தை வீட்டில்தான். இனி அந்தப் படியேற முடியாது என்ற பயத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை.

அப்பா தலைகுனிந்து போய் நின்றார். "ஜாஸ்தியாவே ரெண்டு மரம் வாங்கித் தரேம்மா, மனசுல வச்சுக்காத."

"அதெல்லாம் வேணாம்ணா. உங்க மரம் ஏரியிலதான கெடக்குது? அத எடுத்துக்கறேன். ஆனா அவதான் தேடிக் குடுக்கணும்" என்றார் அத்தை.

தெருவே கரையில் நின்று பார்க்க, மறுபடி ஏரியில் இறங்கினேன். ஒவ்வொரு வெட்டிலும் சேற்றை நகத்தால் நோண்டி நோண்டி எடுத்து, இன்னொன்று ஒளிந்திருக்கிறதா என்று சுற்றிலும் தடவி, மூன்று முறை எண்ணினேன். "மூணுதான் அத்தை."

மரம் கரையேறியதும் யாரோ குடத்தைக் கொண்டுவந்தார்கள். "கழுவ வேணாம், அறுங்க. அவதான் சொல்லிட்டாளே" என்றார் அத்தை. பிறகு ஆசாரியிடம், "குறி இருக்கற பக்கத்தச் சீவாதீங்க. வாசப்படிக்கு வச்சுடுங்க" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

இன்று ஏரியில் ஆகாயத்தாமரையைத் தவிர எதுவும் ஊறுவதில்லை. வாசக்கால்கள் ரெடிமேடாக வேனில் வந்து இறங்குகின்றன. அவையும் நன்றாகத்தான் இருக்கின்றன. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் வேலை பார்க்கும் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவுக்குப் போகிறேன். தன் வீட்டு வாசப்படியை மிதித்தால் பேரப்பிள்ளைகளை அதட்டும் அத்தை, செருப்பைக் கழற்றிவிட்டு நான் அதிலுள்ள வெட்டுகளைக் கால் கட்டைவிரலால் தடவுவதை மட்டும் கண்டுகொள்வதில்லை. இப்போது அவருக்குப் பார்வை கம்மி. போன வாரம் உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"எவ்ளோ?"

"மூணுதான் அத்தை."

"அப்ப உள்ள வா."