முருகனை நகர்த்தச் சொன்னவள்

என் தங்கை கலாதேவி இதுவரை வென்றவை: தோட்டத்துப் பள்ளியில் பையன்களோடு ஓடி ஒரு பிளாஸ்டிக் வாளி, தன்னைவிடக் கனமான தண்ணீர்க் குழாயைப் பாதி வழியில் விழுந்தும் விடாமல் இழுத்துத் தீயணைப்புத் துறையின் சீருடை, தொலைந்துவிட்டது என்று ஒரு தனியார் மருத்துவமனை ஆண்டுக்கணக்கில் சாதித்த பின்கதவுச் சாவி, பிறகு ஓர் அம்மிக்குழவி. முதியோர் இல்லம் ஒன்றில், தானாக மூடிக்கொள்ள வேண்டிய கதவை அந்தக் குழவி மூடவிடாமல் முட்டுக் கொடுத்து நின்றது. "எடுத்துட்டுப் போங்க புவான், இதுக்கும் ஒரு குத்தம் எழுதாதீங்க" என்று இல்லத்துக்காரரே வெறுத்துப்போய்க் கையில் கொடுத்துவிட்டார். எங்கள் வீட்டுச் சட்னிக்கு இப்போது அதுதான்.

மருத்துவமனையோ முதியோர் இல்லமோ, தீப்பிடித்தால் படுத்திருப்பவர்கள் வெளியே வர முடியுமா என்று பார்ப்பது அவள் வேலை. காகிதத்தில் பார்க்க மாட்டாள். சீருடையோடு நோயாளியின் கட்டிலில் ஏறிப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். "நான் நடக்க மாட்டேன். தூக்குங்க." கட்டில் நடைபாதையில் ஏதாவது அலமாரியில் இடித்து நிற்கும், அவளும் அப்படியே கிடப்பாள். ஒரு நிர்வாகி பதறிப்போய் மைலோ கலக்கிக் கொண்டுவந்தார். "புகையில மயங்கிக் கெடக்கேன். மைலோ எப்படிக் குடிப்பேன்?" என்றாள், கண்ணைத் திறக்காமல். கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் மணமக்களுக்கு முன்னால் பின்கதவைத்தான் பார்ப்பாள்.

சுங்கை சிப்புட்டில் ஐயாவு நடத்தும் சிறுநீரக மையத்தில் வாரம் மூன்று நாள் என் இரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். சென்ற ஆண்டு அதைச் சோதிக்கும் வேலை கலாதேவிக்கு வந்தது. அண்ணன் அங்கே நோயாளி என்று மேலதிகாரியிடம் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் இன்னும் நன்றாகவே பார்ப்பாய் என்று அவர் அனுப்பிவிட்டாராம்.

பின்வாசலை அடைத்து ஐயாவு சாமிமேடை வைத்திருந்தார். முருகன், அம்மன், அணையாத விளக்கு. கலாதேவி பூட்ஸைக் கழற்றினாள். கும்பிட்டாள். திருநீறு பூசிக்கொண்டாள்.

"இவங்கள நகத்தணும்" என்றாள்.

"வாஸ்து பாத்து வச்சது, புவான். நகத்தினா ஆகாதுலா."

"தீப்பிடிச்சா முருகன் மயில்ல போயிருவாரு. இவங்க எதுல போறது?" குழாய்களோடு சாய்ந்து கிடந்த எங்களைக் காட்டினாள்.

ஐயாவு, அதிகாரி அம்மாவுக்கான புவானிலிருந்து தங்கச்சிக்கு இறங்கினார். "தங்கச்சி, உங்கண்ணனே இங்கதான இருக்காரு?"

"தெரியும். அதான் கதவு வேணும்."

மாதக் கடைசியில் மையத்தின் உரிமம் முடிகிறது. அவள் கையெழுத்து இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான். இரத்தம் சுத்தம் செய்ய நாங்கள் ஈப்போவுக்குப் போக வேண்டும். எனக்கு அடுத்த நாற்காலிக்காரர் பத்துமலைக்கு ஒவ்வொரு முறை முடிந்ததும் தலை சுற்றும். "அண்ணே, ஒரு வார்த்த சொல்லிப் பாருங்க. இந்த ஒடம்ப வச்சிக்கிட்டு பஸ்ல வந்தா வழியிலயே விழுந்துருவேன்" என்றார். நான் என்னத்தைச் சொல்ல? வீட்டில் செருப்பைக்கூட அவள் காட்டிய இடத்தில்தான் விடுகிறேன்.

அன்றிரவு உப்பில்லாத ரசத்தை ஊற்றிக்கொண்டே அவளே கேட்டாள். "கோவமாண்ணே?"

"இல்ல."

"பத்துமலையண்ணனயும் வரச் சொல்லுங்க. மூணு பேரும் கார்லயே போலாம். நான் லீவு எழுதிட்டேன்."

ஐயாவு அசையவில்லை, மையம் மூடியது. மூடவைத்தவளே எங்களை ஈப்போவுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். திரும்பும் வழியெல்லாம் பின்னிருக்கையில் பத்துமலை அவளைத் திட்டிக்கொண்டே வருவார், தலை சுற்றும்போது மட்டும் நிறுத்துவார். அவள் கண்ணாடியில் பார்த்து, "திட்டுங்கண்ணே, முழிச்சிருக்கீங்கன்னு தெரியுது" என்பாள்.

கடைசியில் ஐயாவு பூசாரியைக் கூட்டி வந்தார். வரவேற்பு மேசைக்குப் பக்கத்து மூலை பழையதைவிட விசேஷம் என்று பூசாரி கண்டுபிடித்துச் சொன்னார். முருகன் குடிபெயர்ந்தார். கலாதேவி வந்து நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். தாதியர் இருவர் அவளைத் துணிப்படுக்கையில் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியே சந்துக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். எங்கும் இடிக்கவில்லை. அங்கே நின்ற மோட்டார் சைக்கிளின் இருக்கையில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

ஐயாவு அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு முருகனுக்குப் பக்கத்தில் மாட்டினார். மாலையும் போட்டு, கீழ் மூலையில் பெரிதாகச் சந்தனப் பொட்டும் வைத்தார். அடுத்த முறை என்னை அழைத்துப் போக வந்த கலாதேவி முருகனைக் கும்பிட்டுவிட்டுத் தன் சான்றிதழை உற்றுப் பார்த்தாள்.

"தேதிய மறைக்குதுலா."

கட்டைவிரலால் பொட்டை வழித்து, அந்தச் சந்தனத்தை என் நெற்றியில் வைத்தாள். கண்ணாடிக்குக் கீழே, அந்த இடத்துக்கு அவள் போட்ட முதல் கையெழுத்து தெளிவாகத் தெரிந்தது: கலாதேவி, 14 நவம்பர் 2024.